160க்கு 120: தரவு மீட்புக் கடையில் நான் தொலைத்த 23,500 ரூபாய்

என் மேசை மேல் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் கிடக்கின்றன. ஒன்று என்னுடையது, மூடி திறக்கப்பட்டு, உள்ளே கீறல் விழுந்து, இனி எதற்கும் உதவாது. மற்றொன்று, புதியது என்று சொல்லி 5,200 ரூபாய்க்கு என் தலையில் கட்டப்பட்ட பழையது. எல்லாமாகச் சேர்த்து நான் கொடுத்தது 23,500 ரூபாய். நேற்று மாலைதான் அந்தக் கடைக்காரர்கள் முழுதாகக் கைவிரித்தார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால், போனது போகட்டும் என்று நானும் எல்லோரையும் போல விட்டுவிடுவேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெங்களூருவில், பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் மொபைலிலிருந்தும் அழிந்துபோன தரவை மீட்டுத் தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் கடைகளில் ஒன்று என்பது போதும். கண்ணாடிக் கதவு, ஏசி, வெள்ளைக் கோட்டு அணிந்து நுண்ணோக்கியைக் குனிந்து பார்க்கும் இருவரின் படம் என்று எல்லாம் இருக்கும். ஒழுங்காகத் தொழில் செய்பவர்களும் இந்நகரில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பின்னால் நானே சந்தித்தேன். ஆனால் காலம் கடந்த பிறகு.

என் வீடு அல்சூரில். மென்பொருள் சோதனைப் பணியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன் என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஏமாறுவதற்கு எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது. சென்ற மாதம் என் மகள் ஒயரில் கால் தடுக்கியதில் இரண்டு டெராபைட் போர்ட்டபிள் டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. அதன் பிறகு இணைத்தால் சில சமயம் கணினியில் தோன்றும், சற்று நேரத்தில் மறையும், உள்ளிருந்து டிக் டிக் என்ற ஓசை வரும். படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்பும் ஓசை அது. அந்நிலையில் டிஸ்க்கை ஓட விட ஓட விடக் கேடு கூடும் என்பது தெரிந்ததால், உடனே பிடுங்கி வைத்துவிட்டேன். நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா தவறி ஓராண்டு ஆகப் போகிறது. அடுத்த மாதம் தலைத்திதி. திருப்பத்தூரில் இருக்கும் அக்கா, தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அம்மா நீலப் பட்டுடுத்தி நின்ற படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அந்தப் படம் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. கிளவுடில் ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் முகம் தெரியாத நிறுவனத்தின் சர்வரில் கொட்டக் கூடாது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பாடம் நடத்துபவன் நான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, அந்த வழக்கைத் தொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி நம் பெங்களூருக்காரர் என்று பெருமையடித்துக்கொண்டவன் நான். அப்படிப் பேசியவன் பதினோரு ஆண்டுப் படங்களையும், வீட்டார் அனைவரின் ஆதார், பான் நகல்களையும், ஊர் நிலத்தின் பத்திரங்களையும் பூட்டே இல்லாத ஒரு டிஸ்க்கில் போட்டு, அதை முன்பின் தெரியாத ஒருவரின் கையில் கொடுத்தேன்.

கொடுத்த அந்த நேரத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கவுண்டரில் இருந்த இளைஞரிடம் நான் கன்னடத்தில்தான் தொடங்கினேன். என் உச்சரிப்பைக் கேட்டதுமே அவர் சிரித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க தமிழா? எந்தப் பக்கம்?" என்றார். திருப்பத்தூர் என்றேன். "எங்க அம்மா ஜோலார்பேட்டைண்ணா" என்றார். அவ்வளவுதான், என் எச்சரிக்கையெல்லாம் கழன்றுவிட்டது. டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அம்மா படத்தைப் பற்றிச் சொன்னேன், திதியின் தேதி உட்படச் சொன்னேன். "விடுங்கண்ணா, அம்மா படத்த நான் எடுத்துத் தரேன்" என்று அவர் சொன்னபோது என் கண் கலங்கியது உண்மை. ஒருவனுக்கு எது அவசரம், எதற்காக அவன் எவ்வளவும் கொடுப்பான் என்பதை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை அது என்று இப்போது தோன்றுகிறது.

பரிசோதனைக்கு 3,500 ரூபாய் கட்டினேன். ரசீது என்று தந்தது, மேலே எஸ்டிமேட் என்று அச்சிட்ட ஒரு துண்டுத் தாள். ஜிஎஸ்டி எண் அதில் இல்லை. யுபிஐயில் பணம் அனுப்பும்போது கடைப் பெயர் வராமல் யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "ஓனரோட அக்கவுண்ட்ண்ணா" என்றார். ஜாப் கார்டு என்று ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். அதன் அடியில் பொடி எழுத்தில் என்ன இருந்தது என்பதை, எல்லாம் முடிந்த பிறகு கைப்பேசியில் பெரிதாக்கித்தான் படித்தேன்: தரவுக்கு ஏற்படும் எந்த இழப்புக்கும் கடை பொறுப்பல்லவாம்.

ஆறாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு திரைப்பிடிப்பு வந்தது. ஒரு ஃபோல்டர் நிறையச் சின்னச் சின்னப் படங்கள். இரண்டாம் வரிசையில், நகக்கண் அளவில், நீலப் பட்டில் அம்மா. மீட்புக் கட்டணம் 14,800, எடுத்த தரவைப் போட்டுத் தரப் புதிய டிஸ்க் 5,200 என்று கீழே எழுதியிருந்தார்கள். மனைவி மட்டும், "ஒரு படத்தத் திறந்து காட்டச் சொல்லுங்களேன்" என்றாள். நான் கேட்கவில்லை. அந்த நகக்கண் அளவுப் படத்தைப் பார்த்த இரண்டாம் நிமிடத்தில் மீதி 20,000 ரூபாயும் போய்விட்டது. ஆகக் கூடி 23,500.

டிஸ்க்கை வாங்கி வந்து, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளில் அம்மாவைத் தேடி எடுத்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் படத்தைத் திறந்து, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது ஸ்டாம்ப் சைஸுக்குக்கூடச் சரியா வராதுப்பா, பெருசாக்குனா கோலப்பொடி தூவுன மாதிரிதான் இருக்கும்" என்றார். 160க்கு 120 பிக்சல். ஏழு கிலோபைட்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேமராவில் எடுக்கும் பெரும்பாலான படக் கோப்புகளின் தொடக்கத்தில், பட்டியலில் காட்டுவதற்காக ஒரு குட்டிப் படம் பொதிந்திருக்கும். கோப்பின் பெரும்பகுதி படிக்க முடியாமல் போனாலும் தலைப்பகுதி மட்டும் அகப்பட்டால் அந்தக் குட்டிப் படத்தைத் தனியே பிரித்துவிடலாம். கடை எனக்குத் தந்தவற்றில் பெரும்பாலானவை அவைதாம். மிஞ்சியவற்றில் பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. கோப்புகளின் பெயர்களும் பழைய பெயர்களாக இல்லை. டி (t) என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து ஒரு நீண்ட எண்ணுமாக இருந்தன. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் குட்டிப் படங்களுக்கு இடும் பெயர் அது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய, தன்னளவில் மிக நல்ல மென்பொருள்தான். ஆனால் சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேல் அதை நேரடியாக ஓட்டக் கூடாது. முதலில் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துவிட்டு, நகலின் மேல்தான் தேட வேண்டும். அந்தத் திரைப்பிடிப்பிலேயே டி என்ற எழுத்தும் எண்களும் தெளிவாகத் தெரிகின்றன. பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் அதைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பதினாறு நாள் அலைக்கழிப்பு. முதல் நாள், "இன்ஜினியர் லீவுல இருக்காருண்ணா" என்றார் அதே இளைஞர். நான்காம் நாள் மும்பை லேபுக்கு அனுப்பிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். டிஸ்க் என் வீட்டில் இருக்கும்போது மும்பைக்கு எதை அனுப்பினார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் நேரில் போனபோது, இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் குரலை உயர்த்தினேன். அன்றோடு அவருடைய தமிழ் நின்றுவிட்டது. சார் என்றும் பாலிசி என்றும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அண்ணா என்று அவர் கூப்பிடுவதை நிறுத்தியதுதான், பணம் போனதைவிட எனக்கு உறைத்தது. நேற்று உரிமையாளர் என்பவர் முதன்முறையாகத் தொலைபேசியில் பேசினார். படம் கேட்டீர்கள், படம் கொடுத்தோம், எத்தனை பிக்சல் என்று ஜாப் கார்டில் எழுதியிருக்கிறதா என்றார். 23,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் கேட்கிற கேள்வியா இது?

இடையில், விசாரித்து வேறொரு லேபுக்கு என் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். அவர்கள் கண்ணாடி வழியே காட்டினார்கள்: முத்திரை கிழிந்திருந்தது, தரவு பதிந்திருக்கும் தட்டின் மேல் வட்டமாகக் கீறல். ஓட்டி ஓட்டி முனை கெட்ட பிறகு, தூசி புகாத அறை எதுவும் இல்லாமல் சாதாரண மேசையில் வைத்துத் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். முதலிலேயே வந்திருந்தால் நம்பிக்கை இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். பைசா வாங்கவில்லை.

இனி அந்தப் "புதிய" டிஸ்க். சந்தேகம் வந்துவிட்டதால், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்த்தேன். எந்த ஹார்ட் டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தனக்குள் கணக்கு வைத்திருக்கும். 11,300 மணி நேரம் என்று காட்டியது. இரவு பகல் ஓயாமல் ஓடினாலும் ஓராண்டு மூன்று மாதத்துக்கு மேல் வரும். அவர்கள் என் டிஸ்க்கில் ஓட்டிய அதே இலவச மென்பொருளை இந்த டிஸ்க்கில் நான் ஓட்டினேன். சில நிமிடங்களிலேயே முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் படங்கள், முழு அளவில், பளிச்சென்று வரத் தொடங்கின. ஒரு பான் அட்டை, ஒரு பெண் குழந்தையின் பள்ளிச் சான்றிதழ். கை நடுங்கி நிறுத்திவிட்டேன். அவர்களுடையது என் வீட்டில் இருக்கிறது என்றால், என்னுடையது யார் வீட்டில் இருக்கிறது? உங்களிடம் என் தரவின் நகல் இருக்கிறதா, அழித்துவிட்டீர்களா என்று மூன்று முறை எழுத்தில் கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டே என்று நான் ஆவேசமாகச் சொன்னதற்கு அவர் சிரித்தார். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் இருக்கிறது, அபராதம் வசூலானாலும் அரசின் கணக்குக்குத்தான் போகும், உனக்கு ஒரு ரூபாய் வராது என்றார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் அனுமதியின்றி நகலெடுத்தவரிடம் இழப்பீடு கேட்கலாம் என்றாலும், அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவனே நீதான் என்று அவர்கள் வாதாடுவார்களாம். அவர் கைகாட்டியது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை. பொருளுக்கோ சேவைக்கோ பில் தராததும், வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளிப்படுத்துவதும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எனக்கு இது தெரியவே தெரியாது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டாண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யச் சொன்னார், செய்துவிட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், நள்ளிரவு தாண்டிவிட்டது. டிஸ்க் டிக் டிக் என்றால் பிடுங்கிவிடுங்கள். பில் இல்லாமலும், தனிநபர் பெயருக்கும் பணம் அனுப்பாதீர்கள். டிஸ்க்கைக் கடையில் கொடுக்கும் முன் அதன் வரிசை எண்ணைப் படமெடுத்து வையுங்கள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், அவர்கள் தேர்ந்தெடுக்கும் கோப்பை விட்டுவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் பத்துக் கோப்புகளை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். ஆதார், பான், பத்திரம் போன்றவற்றைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வையுங்கள். இன்னொரு நகல், எங்காவது, எதிலாவது.

அந்தக் குடும்பத்தின் டிஸ்க்கை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. அழித்தால் என் ஆதாரம் போய்விடும். வைத்துக்கொண்டால், அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் வீட்டுப் படங்களை வைத்திருக்கும் இரண்டாவது ஆள் நான். இப்போதைக்கு உறையிலிட்டு ஒட்டி, தேதி எழுதி, பீரோவில் வைக்கப் போகிறேன். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. ரேஷன் அட்டையில் இருக்கும் அம்மாவின் படத்தைப் பெரிதாக்க முடியுமா என்று நாளைக்கு அந்த ஸ்டுடியோப் பெரியவரிடம் கேட்க வேண்டும்.