ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த தேதி

முதல் ஏர் பிஸ்டல் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாராவது உங்களிடம் பழைய பிஸ்டல் ஒன்றைக் காட்டி, அதன் சிலிண்டரில் (அழுத்திய காற்றை அடைத்து வைக்கும் உருளை) அழகாக ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தால், மற்ற பேச்செல்லாம் அப்புறம். ஸ்டிக்கரைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. பதினான்கு மாதச் சேமிப்பு போனது.

துப்பாக்கி சுடுதலை நான் தாமதமாகத்தான் ஆரம்பித்தேன், முப்பத்தாறு வயதில். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். கிளப்பில் இருக்கும் இரண்டு பிஸ்டல்களை ஏழெட்டுப் பேர் முறை வைத்துச் சுடுவோம். ஒருவர் கைக்கு ஏற்றபடி, குறிபார்க்கும் சைட்டைத் திருப்பி வைத்தால் அடுத்தவருக்கு எல்லாம் இடப்பக்கம் போகும். எட்டு மாதம் இப்படிப் போனது. சொந்தமாக ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை வந்துவிட்டது. "இப்ப அவசரப்படாதீங்க, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று கோச் மேடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

போட்டிக்கான புது பிஸ்டல் என் கைக்கு எட்டாத விலை. அதில் கால் பங்குக்குச் சற்று மேலே என்னிடம் இருந்தது. அந்தத் தொகைக்கே, நல்ல பெயருள்ள ஒரு மாடல், இரண்டு சிலிண்டர், பெட்டி, கிரிப் என்கிற கைப்பிடி எல்லாம் சேர்த்து ஒருவர் விற்கிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. அந்தத் தொகைக்கே எப்படிக் கிடைக்கிறது என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

விற்றவர் முன்னாள் ஷூட்டர். வயதில் பெரியவர், மரியாதையான பேச்சு. பெட்டியைத் திறந்ததும் புது எண்ணெய் வாசம். பஞ்சு மெத்தையில் பிஸ்டல் குழந்தை மாதிரி படுத்திருந்தது. மஞ்சள் துணியால் ஒரு தரம் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"ஒரே ஒரு சீசன்தான் தம்பி சுட்டேன். 2021-ல வாங்கினது. தோள்பட்டை வலி வந்துடுச்சு, அதான் குடுக்குறேன்."

சிலிண்டர் முனையில் இருந்த, அழுத்தம் காட்டும் சின்ன வட்டக் காட்டியைத் திருப்பிக் காட்டினார். முள் 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அசையாமல் நின்றது. சிலிண்டரின் நடுவில் ஏதோ ஒரு போட்டியின் வட்ட ஸ்டிக்கர், பளபளவென்று. எவ்வளவு பெருமையாக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ட்ரிகர் பாருங்க" என்றார். பெல்லட் எனும் சின்னக் குண்டு இல்லாமல் அழுத்திப் பார்ப்பதற்கென்றே இந்த வகை பிஸ்டல்களில் ஒரு ஏற்பாடு உண்டு. அதில் போட்டு அழுத்தினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் டிக்கென்று விட்டது. கிளப் பிஸ்டலில் இப்படி ஒரு ட்ரிகரை நான் தொட்டதே இல்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். பாரிஸில் 2024-ல் கலப்பு அணியில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுப் டிகெச்சையும் பேச்சில் இழுத்தார். "ஒரு கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டு, சாதாரணக் கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்கலையா? ஆள்தான் முக்கியம் தம்பி, சாமான் இல்ல." டிகெச் கையில் இருந்தது முழுமையான போட்டி பிஸ்டல் என்பது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

பில் கேட்டேன். "வீட்டுல எங்கேயோ இருக்கு, தேடி அனுப்புறேன்" என்றார். பத்து மீட்டரில் சுட்டுப் பார்க்கலாமா என்றேன். இடம் இல்லை என்றார். சாயங்காலம் இன்னொருவர் பணத்தோடு வருகிறாராம். சரி என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி படுக்குமுன் காட்டியைப் பார்த்தேன், 170 போல இருந்தது. சிலிண்டரில் வேகமாகக் காற்றடைத்தால் உலோகம் சூடாகும், ஆறியதும் அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்று படித்திருந்தேன். அப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். காலையில் எழுந்து பல் துலக்கும் முன்னே போய்ப் பார்த்தால் 110. இரவு முழுக்க யாரும் அதைத் தொடவில்லை. ஆறியதால் இறங்குவது சில பார்தான், அதுவும் அடைத்த கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும். பாதிக் காற்று போவதற்குப் பெயர் கசிவு.

போன் செய்தேன். "ஓரிங் தம்பி, சின்ன ரப்பர் வளையம். அதெல்லாம் நுகர்பொருள், கார் டயர் மாதிரி" என்று சிரித்தார்.

டயர் என்று அவர் வாயிலேயே வந்தது. கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார். இந்தச் சிலிண்டரில் 200. டயரை விட எண்பது மடங்கு அழுத்தத்தைக் கைக்குள், முகத்துக்கு எதிரில் நீட்டிப் பிடித்துச் சுடுகிறோம்.

மறுநாள் கிளப்பில் கோச் மேடம் பிஸ்டலைப் பார்க்கவே இல்லை. சிலிண்டரைத்தான் முதலில் கழற்றினார். கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை மெதுவாகக் கிளப்பினார். பசை நூல் நூலாக வந்தது. அதன் கீழே உலோகத்தில் அச்சடித்த எழுத்துகள், வரிசை எண், பிறகு 06/2009. 2021-ல் வாங்கிய பிஸ்டலின் சிலிண்டர்! இரண்டாவது சிலிண்டரில் ஸ்டிக்கர்கூட இல்லை. தேதி இருக்க வேண்டிய இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மங்கலாக இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏர் பிஸ்டல் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் போடும் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து பத்து வருடம். வாங்கிய நாளிலிருந்து இல்லை, சுட்ட நாளிலிருந்தும் இல்லை. ஒவ்வொரு முறை அடைத்துக் காலியாக்கும்போதும் உலோகம் விரிந்து சுருங்கிச் சோர்கிறது. எப்போது எங்கே விரிசல் விடும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உலகத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியும் சிலிண்டர் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்கிறது. மேடம் இரண்டையும் காலி செய்து மேசை மேல் வைத்தார். "இதுல நான் காத்து அடைக்க மாட்டேன், நீங்களும் வேற எங்கேயும் போய் அடைக்காதீங்க" என்றார். என்னிடமிருந்த பிஸ்டல் அந்த நிமிடத்தில் ஒரு கனமான இரும்புத் துண்டு ஆனது.

கிளப்பில் அதே தயாரிப்பின் நல்ல சிலிண்டர் ஒன்று இருந்தது. அதை மாட்டிப் பார்த்தோம். சிலிண்டரைத் தனியாக ஒரு நாள் வைத்தால் முள் அசையவில்லை, பிஸ்டலில் மாட்டி வைத்தால் இறங்கியது. ஆக, கசிவு சிலிண்டரில் இல்லை, பிஸ்டலின் உள்ளே. சிலிண்டருக்கென்று தனி அடைப்பு இருப்பதால் இந்தச் சோதனையை யாரும் செய்யலாம், காசு செலவில்லை. நான்தான் செய்யவில்லை.

அடுத்தது என் மனதைக் கவர்ந்த அந்த ட்ரிகர். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு விதி, ட்ரிகரின் எடை குறைந்தது 500 கிராம். குழாயை வானத்தைப் பார்த்து நிறுத்தி, ட்ரிகரில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு மேசையிலிருந்து தூக்க வேண்டும். கல் மேலே வரும்வரை ட்ரிகர் விடக் கூடாது. என்னுடையது கல் மேசையை விட்டு அசைவதற்கு முன்பே டிக்கென்றது. மூன்று தடவையும் அதே டிக். அளந்தால் 310 கிராம்! அப்படியே போட்டிக்குப் போயிருந்தால் கருவிச் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

திருகைத் திருப்பி 500-க்கு ஏற்றினால் போயிற்று என்று நினைத்தேன். ஏற்றினோம். வெண்ணெய் போய் மணல் வந்தது. அழுத்த அழுத்த ட்ரிகர் நறநறவென்று நகர்கிறதே தவிர, எப்போது விடும் என்று விரலுக்குத் தெரியவில்லை. ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவர், திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு லென்ஸில் காட்டினார். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி, சியர் என்பார்கள், அதன் விளிம்பு கூராக இருக்க வேண்டும். இதில் யாரோ கையாலேயே தேய்த்து உருண்டையாக்கியிருந்தார்கள். இரண்டு நிமிடம் அழுத்திப் பார்ப்பவருக்கு வழுவழுப்பாகத் தெரியும். சுடுவதற்கு உதவாது. ஆபத்தும்கூட, உரசிப் போன சியர் தானாகவே நழுவலாம்.

பிறகு வேகம் பார்க்கும் கருவியை வைத்து ஐந்து சுட்டோம். வினாடிக்கு 150 மீட்டர், 141, 148, 132, 145. நல்ல பிஸ்டலில் இந்த எண்கள் இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்கும். 150-க்கும் 132-க்கும் இடையே பத்து மீட்டர் தூரத்தில் பெல்லட் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 11.5 மில்லிமீட்டர், அடுத்தடுத்த வளையம் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் அகலம். நான் எவ்வளவு சரியாகக் குறி பார்த்தாலும் பிஸ்டலே கிட்டத்தட்ட ஒரு புள்ளியைத் தின்றுவிடும். அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் தேய்ந்துவிட்டது என்றார் ஆர்மரர்.

கிரிப்பைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவர் கை பெரியது போல, உள்ளே மரத்துக்குப் பூசும் பட்டி வைத்து, தேய்த்து, மறுபடி வைத்து, ஒரு மாதிரி எறும்புப் புற்று. என் கைக்கு அது ஒருநாளும் சேராது.

கணக்குப் போட்டேன். இரண்டு புது சிலிண்டர், சியர், ரெகுலேட்டர், எல்லா ரப்பர் வளையங்களும், புது கிரிப், ஆர்மரர் கூலி. கொடுத்த பணத்தோடு சேர்த்தால் புது பிஸ்டலின் விலையில் முக்கால் பங்கு வந்தது. காசு பெறுகிற பாகங்கள் எல்லாம் செத்துப்போய், கூடு மட்டும்தான் எனக்கு விற்கப்பட்டிருந்தது. விற்றவரைத் திரும்ப அழைத்தபோது குரல் மாறியிருந்தது. "பார்த்துத்தானே தம்பி வாங்கினீங்க?" அதற்கு மேல் போனை எடுக்கவில்லை. பில் வரவில்லை. பில்லில் இருக்கும் எண்ணும் பிஸ்டலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் எந்தத் துப்பாக்கியையும், காற்றுத் துப்பாக்கியாகவே இருந்தாலும், கையில் வாங்குவது சட்டப்படியும் தலைவலி. அந்தப் பயத்தில் எனக்குச் சில நாள் தூக்கம் இல்லை. கடைசியில் கிளப்பில் விசாரித்து, எண் சிக்கலானது இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். கையில் இருக்கும் பணம் முழுவதையும் பிஸ்டலில் போடாதீர்கள். பெல்லட் 500 கொண்ட டப்பா, ஒழுங்காகப் பயிற்சி செய்தால் ஒரு வாரம் பத்து நாளில் தீரும். ஒரு போட்டிக்கே அறுபது குண்டு, அதற்கு முன்னால் குறியைச் சரிபார்த்துக்கொள்ளச் சுடுவது தனி. காற்றடைக்கப் பம்போ பெரிய தொட்டியோ வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கிளப்பை நம்ப வேண்டும். பழையதுதான் வாங்க முடியும் என்றால் தேதி தெளிவாகத் தெரியும் சிலிண்டர், 500 கிராம் கல், ஒரு ராத்திரிக் காத்திருப்பு. இந்த மூன்றுக்கும் சம்மதிக்காதவரிடம் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

சிலிண்டரே இல்லாத வகையும் இருக்கிறது, அதை ஏனோ யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. குழாய்க்கு அடியில் இருக்கும் நெம்புகோலை ஒரு தரம் இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று உள்ளே அமுங்கும். ரஷ்யாவின் பைக்கால் இஷ்-46எம் அப்படிப்பட்டது. ஒவ்வொரு குண்டுக்கும் இழுக்க வேண்டும், கை வலிக்கும், பார்க்கவும் குழாய் ரிப்பேர் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் காலாவதித் தேதி கிடையாது, குறைந்த செலவில் துல்லியம் தரும் என்று பெயர் வாங்கியது. எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் பாதிப் பேரை ஜெயிக்கிறார்.

என் பிஸ்டல் இன்னும் ஆர்மரரிடம் இருக்கிறது. சியர் மட்டும் மாற்றியாகிவிட்டது, மற்றவை மாதத்துக்கு ஒன்று. காலாவதியான இரண்டு சிலிண்டர்களிலும் காற்று முழுக்க இறங்கியதை உறுதி செய்துகொண்டு ஆர்மரர் துளை போட்டுக் கொடுத்தார், வேறு எவர் கையிலும் அது சிலிண்டராகப் போய்ச் சேரக் கூடாது என்று.

போன வாரம் அதே குழுவில் அதே ஆள் போட்ட படம் வந்தது. வேறு பிஸ்டல், அதே மஞ்சள் துணி, சிலிண்டர் நடுவில் வட்ட ஸ்டிக்கர். "ஒரே ஒரு சீசன்" என்று எழுதியிருந்தார். "சிலிண்டர் தேதி என்ன சார்?" என்று கீழே கேட்டேன். பத்து நிமிடத்தில் படம் காணாமல் போனது. மறுநாள் காலையில் திரும்பி வந்தது, இந்த முறை சிலிண்டரைக் கழற்றிவிட்டு எடுத்த படம்.