ஆறுக்கு மூன்று தேக்கு மேஜை: கவிழ்த்துப் பார்த்த பிறகு

செங்கோட்டைப் பக்கத்துச் சிறு பட்டறை ஒன்றில் அளவு கொடுத்துச் செய்த சாப்பாட்டு மேஜை இது. நீளம் 6 அடி, அகலம் 3 அடி, உயரம் 30 அங்குலம். முழுக்கத் தேக்கு; பிளைவுட், வெனீர் எதுவும் இல்லை. போய்ச் சேர்ந்த இடம் சென்னையில் ஏ.சி. ஓடும் அறை. குறையும் சொல்லப்போவதால் பட்டறையின் பெயர் வேண்டாம். மூட்டு வேலை பிரமாதம், மரத் தேர்வு நன்று, மேல்பலகையை மாட்டிய விதம் தவறு. இந்த மூன்றில் முதல் இரண்டும் நின்றபடி பார்த்தாலே ஓரளவு தெரியும். மூன்றாவதற்கு மேஜையைக் கவிழ்க்க வேண்டும்.

முதலில் பில். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று துருவித் துருவிக் கேட்பவர்கள்கூட மரப் பட்டறையில் மொத்தத் தொகைக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். கணக்கு ஒன்றும் கடினமில்லை. நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 1728-ஆல் வகுத்தால் கன அடி. மேல்பலகை இழைத்து முடிந்தபின் ஒரு அங்குலம் நிற்க வேண்டுமானால் ஒன்றேகால் அங்குலத்தில் அறுத்திருக்க வேண்டும். அது 72 × 36 × 1.25, அதாவது 1.88 கன அடி. மூன்றேகால் அங்குலச் சதுரத்தில் 30 அங்குல நீளமுள்ள நான்கு கால்களுக்கு 0.73. கால்களை இணைத்து மேல்பலகையைத் தாங்கும் சுற்றுச் சட்டங்களுக்கு, கழுந்து (காலின் துளைக்குள் நுழையும் சட்ட முனை) நீளமும் சேர்த்து 0.55. மொத்தம் 3.16. கணு, வெடிப்பு, வெள்ளை (மரத்தின் வெளிர் நிற வெளிப்பகுதி) ஆகியவற்றைக் கழித்து எடுக்கும் சேதாரம் முப்பது சதவீதம் என்று வைத்தாலும் 4.1 வருகிறது. இந்தப் பட்டறை போட்டது 4.25 கன அடி. நியாயமான கணக்கு. இதே அளவுக்கு 6 கன அடி என்று யாராவது சொன்னால் பென்சிலை எடுங்கள்.

எடையும் ஒரு சாட்சி. உலர்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. முடிந்த மேஜையில் நிற்கும் மரம் இரண்டரை கன அடி, அதாவது 46 கிலோ அளவு. இரண்டு பேர் முக்கித் தூக்கும் கனம். ஒற்றை ஆள் அலட்சியமாகத் தூக்கிவிட்டால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

மரத்தின் ஊர்ப்பெயரை நம்பி விலை கொடுக்காதீர்கள். கேரளத்து நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியது 1840-களில். அன்றிலிருந்து அந்தப் பெயருக்கு மவுசு. ‘பர்மா’ என்றால் இன்னும் மவுசு. ஆனால் மியான்மர் 2014 ஏப்ரலோடு உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ‘இப்போதுதான் பர்மா உருட்டு வந்து இறங்கியது’ என்ற பேச்சைக் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பார்க்க வேண்டியது வைரம் (நடுவில் உள்ள முற்றிய மரம்) எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்பதைத்தான். வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது, வெள்ளை உளுத்துப்போகும். மேல்பக்கம் ஸ்டெயின் அடித்து இரண்டையும் ஒரே நிறமாக்கிவிடுவார்கள் என்பதால் அடிப்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். இந்த மேஜையின் ஆறு பலகைகளில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடுகிறது. அதையும் விட்டிருக்கக் கூடாது, ஆனால் மன்னிக்கலாம்.

மூட்டுக்கு வருவோம். காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஆணியோ, ஸ்குருவோ, இரும்பு மூலைத் தகடோ கிடையாது. கழுந்து-துளைதான். ஒரு அங்குலச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மி.மீ. கனத்தில் கழுந்து, நீளம் ஒன்றரை அங்குலம். இரண்டு பக்கத்திலிருந்து வரும் கழுந்துகளும் காலுக்குள் முட்டிக்கொள்ளாதபடி நுனியைச் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள். குறுக்கே மூங்கில் ஆணி. காலில் போட்ட ஓட்டையைவிடக் கழுந்தில் போட்ட ஓட்டை தோள் (கழுந்து தொடங்கும் படி) பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருப்பதால், ஆணி இறங்க இறங்கச் சட்டத்தைக் காலோடு இழுத்துப் பிடிக்கும். நாளைக்குப் பசை தளர்ந்தாலும் மூட்டு ஆடாது. தோள்பட்டையில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. சட்டத்தின் உட்பக்கம் விரலை ஓட்டினால் கை இழைப்புளி விட்ட லேசான பள்ளங்கள் தட்டுப்படுகின்றன. மெஷினில் தள்ளியிருந்தால் சீரான அலையாக இருக்கும். காசு கொடுத்தது இந்தக் கைக்குத்தான்.

இத்தனையும் தெரிந்த கை, மேல்பலகையைச் சட்டத்தோடு பன்னிரண்டு ஸ்குரு போட்டு இறுக்கியிருக்கிறது. போதாததற்கு இடையில் பசை வேறு.

இதில் என்ன தவறு? மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் ஆயுள் முழுக்க அசையும். காற்றின் ஈரம் கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். பாலிஷ் இந்த அசைவை மெதுவாக்கும், நிறுத்தாது. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும், அவ்வளவுதான். மலை மலையாக ரேகை விழும் பலகையில் மரத்தின் ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் 0.19 சதவீதம் அளவுக்கு மாறும். கோடு கோடாக ரேகை ஓடும் பலகையில் அது 0.10.

மேஜை செய்தது சாரல் மாதத்தில். குற்றாலத்துச் சாரல் குளிக்கப் போகிறவர்களுக்குச் சுகம், மரத்துக்கு அல்ல. பட்டறைக் காற்றே ஈரமாக இருக்கும்போது நன்றாகச் சீசன் செய்த (உலர்த்திப் பதப்படுத்திய) பலகையும் மறுபடி ஈரம் குடிக்கும். இறக்கிய அன்று, மரத்தின் ஈரம் அளக்கும் முள் மீட்டரைக் குத்தினால் 15 சதவீதம். ஏ.சி. அறையில் அது மெல்ல 10 பக்கம் இறங்கும். ஐந்து சதவீத வித்தியாசம் மூன்றடி அகலத்தில் என்ன செய்யும்? மலை ரேகைப் பலகையாக இருந்தால் எட்டரை மி.மீ. சுருக்கம், கோட்டு ரேகையாக இருந்தால் நாலரை. கலந்து போட்டால் இடையில் எங்கோ.

சுருங்க வேண்டிய பலகையை இரண்டு பக்கமும் ஸ்குரு பிடித்துக்கொண்டிருந்தால் எங்காவது கிழிந்தாக வேண்டும். முதலில் காய்வது தலைப்பு முனை (பலகையின் நீளம் முடியும் இடம்) என்பதால் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். இந்த மேஜையிலும் அப்படியே: ஒரு முனையில், மூன்றாம் நான்காம் பலகைகளுக்கு நடுவே, ஐந்து அங்குல நீளத்துக்கு ஒரு மி.மீ. பிளவு. ‘தேக்கு அப்படித்தான் சார், கொஞ்சம் வாய் விடும்’ என்பது பட்டறையின் பதில். வாய் விட்டது மரத்தின் குணத்தால் அல்ல, கட்டிப்போட்டதால்.

சரியான முறை பழையது, மலிவானது. சட்டத்தின் உட்புறத்தில் மேல் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுக்க வேண்டும். எல் வடிவத்தில் சிறு மரக்கட்டைகள் செய்து, அவற்றின் நாக்கைக் காடிக்குள் சொருகி, கட்டையை மட்டும் மேல்பலகையில் ஸ்குரு போட வேண்டும். பலகை அசையும்போது நாக்கு காடியில் வழுக்கும். ஈரக் காலத்தில் செய்தால் நாக்கை 10 மி.மீ. உள்ளே தள்ளியே மாட்ட வேண்டும். பலகை சுருங்கி ஒவ்வொரு பக்கமும் நாலு மி.மீ. வெளியே இழுத்தாலும் ஆறு மி.மீ. பிடி மிஞ்சும். கோடையில் செய்தால் நேர்மாறு: பின்னால் விரியப்போவதால் கட்டைக்கும் சட்டத்துக்கும் இடையே ஐந்து மி.மீ. இடைவெளி விட வேண்டும்.

செய்துவிட்ட மேஜைக்கும் வழி உண்டு. ஸ்குருக்களைக் கழற்றி, பசையை மெல்லிய கத்தியால் அறுத்து, குட்டைச் சட்டம் ஒவ்வொன்றின் நடு ஸ்குருவைத் தவிர மற்ற ஓட்டைகளை அகலவாக்கில் 12 மி.மீ. நீள்துளையாக்கி, வாஷர் வைத்து மறுபடி மாட்ட வேண்டும். நீளச் சட்டம் இரண்டிலும் நடு ஸ்குருவை அப்படியே விட்டால் கட்டு போகாது, அங்கும் நீள்துளைதான். அசையாமல் நிற்க வேண்டியவை குட்டைச் சட்டம் ஒவ்வொன்றின் நடு ஸ்குரு மட்டும். பசை விட்டுக்கொடுத்தால் அரை நாள் வேலை. பட்டறை முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தது, கூலி வாங்கவில்லை.

இதே பட்டறை மேஜையின் இரு தலைப்பிலும் குறுக்குச் சட்டம் வைத்த டிசைன் ஒன்றையும் காட்டுகிறது. அழகுதான். ஆனால் முழு அகலத்துக்கும் பசை போட்டுவிட்டால் இதே கதை இன்னும் வேகமாக நடக்கும். நடுவில் மட்டும் பசை, ஓரங்களில் நீள்துளையில் மூங்கில் ஆணி என்று எழுதி வாங்குங்கள். பலகை சுருங்கும் மாதங்களில் குறுக்குச் சட்டத்தின் முனை இரண்டு பக்கமும் சில மி.மீ. துருத்தி நிற்கும். அது குறையல்ல.

பாலிஷ் பி.யு. (பாலியூரித்தேன்) மேட், அதாவது பளபளப்பில்லாதது. அரக்கு பாலிஷைவிடச் சாப்பாட்டு மேஜைக்கு இதுவே மேல். அரக்கின்மேல் சூடான டபராவை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அடிப்பக்கமும் அதே எண்ணிக்கையில் பூச்சு பெற்றிருக்கிறது. அங்கே பூசாமல் விட்டிருந்தால் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து பலகை வளைந்திருக்கும்.

‘எட்டுப் பேர் உட்காரலாம்’ என்று விற்கிறார்கள். கால்கள் விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே நிற்பதால், காலின் கனத்தையும் கழித்தால் நீளப் பக்கத்தில் கிடைப்பது 60 அங்குலம். ஆளுக்கு 24 என்றால் இரண்டு பேர். இரு தலைப்பிலும் ஒவ்வொருவர். ஆக ஆறு பேர். சட்டம் நாலு அங்குலமே இருப்பதால் 18 அங்குல நாற்காலியில் உட்கார்ந்தால் தொடைக்கு ஏழு அங்குலம் மிஞ்சுகிறது. கம்பீரமாக இருக்கும் என்று ஆறு அங்குலச் சட்டம் கேட்டீர்களானால் அது ஐந்தாகிவிடும், முழங்கால் தட்டும்.

இந்தப் பட்டறையில் மறுபடி ஆர்டர் கொடுக்கலாமா? கொடுக்கலாம். மேல்பலகையை எப்படி மாட்டுவார்கள் என்பதை முன்பணம் கொடுக்கும் தாளிலேயே படம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாலிஷுக்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய் மேஜையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள், முள் மீட்டரும் கையோடு இருக்கட்டும். 12-க்கு மேல் காட்டினால் இன்னும் சில வாரம் உள்ளே வைத்துக் காயப்போடச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.