நாண்டா, என்ஐசி, என்ஓசி: வார்டில் சில வருடம் எழுதிப் பார்த்ததில்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் நான். நோயாளியின் பிரச்சினைகளுக்கு நர்ஸ்கள் பயன்படுத்தும் பொதுப் பெயர்ப் பட்டியல்தான் நாண்டா. படிக்கும்போது மார்க்குக்காக கேர் பிளான் நோட்டில் எழுதிய அதை, ஷிப்டுக்கு ஷிப்ட் கம்ப்யூட்டரில் எழுதச் சொன்னபோது வார்டில் எல்லோருக்கும் எரிச்சல்தான்.

நோயாளியின் பிரச்சினைக்குப் பெயர் வைக்க நாண்டா, அதற்கு நாம் செய்வதை எழுத என்ஐசி, பலனை 1 முதல் 5 வரை அளக்க என்ஓசி என்று இப்படி மூன்று பட்டியல்கள். பின்னிரண்டும் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவானவை. மூன்றில் தினமும் கைகொடுப்பது என்ஓசி. 'பேஷண்ட் பரவாயில்லை' என்று ஹேண்ட்ஓவர் கொடுத்தால் நைட் டியூட்டி சிஸ்டருக்கு என்ன தெரியும்? 'நடப்பது நேற்று 2, இன்று 3' என்றால் தெரியும். ஒரு தொல்லை: இதில் 5 நல்ல நிலை, வலி ஸ்கோரில் 10 மோசம். புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள்.

நாண்டாவில் உயிரான இடம் 'காரணம்' என்ற கட்டம். அதைத்தான் பாதிப் பேர் ஒப்புக்கு நிரப்புகிறார்கள். ஏற்காட்டு காபி எஸ்டேட்டிலிருந்து சுகர் புண்ணோடு ஒருவர் மறுபடி மறுபடி அட்மிட் ஆனார். காரணம் என்று ஒவ்வொரு முறையும் லிஸ்டில் முதலில் வரும் 'நோய் பற்றிய அறிவுக் குறைவு'. அவருக்கா தெரியாது? கட்டு மாற்ற இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் அன்றைய கூலி போச்சு. அதை எழுதிய பிறகுதான் திட்டமே மாறியது: மருமகளுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தோம், ஏற்காடு அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தோம். 2006-ல் சுவிட்சர்லாந்து செவிலியர் ஆய்வாளர் மரியா முல்லர்-ஸ்டாப்பின் குழு, இப்படிப் பட்டியல் வைத்து எழுதுவது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பதிவுகளின் தரம் கூடினாலும் காரணமும் அறிகுறியும் சரியாக எழுதப்படவில்லை என்றே வந்தது. அவர்கள் சொன்னது எங்கள் வார்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முந்தைய பதிவை அப்படியே ஒட்டும் காப்பி பேஸ்ட் வசதியை மட்டும் எடுத்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலும் 'விழும் அபாயம்' தொங்கிக்கொண்டிருக்கும், அந்த மனிதர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பார்!

புதிதாக ஆரம்பிக்கும் மருத்துவமனைகளுக்கு: நாண்டாவை சாஃப்ட்வேரில் சேர்க்க உரிமக் கட்டணம் உண்டு. மருத்துவப் பதிவுகளுக்கான உலகப் பொதுச் சொல்தொகுப்பு ஸ்னோமெட் சிடி; இந்தியா 2014-லேயே அதன் உறுப்பு நாடாகிவிட்டதால் இங்கே இலவசம். சர்வதேச செவிலியர் கவுன்சிலின் செவிலியர் சொற்பட்டியலான ஐசிஎன்பி-யின் சொற்களும் இப்போது அதற்குள்ளேயே வந்துவிட்டன. எதை எடுத்தாலும் முதலில் ஒரே வார்டில், அங்கே அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து பிரச்சினைகளோடு ஆரம்பியுங்கள்.