பழைய லாரிக்கு கட்-ஆஃப் சுவிட்சா, ஜிபிஎஸ்ஸா?

சம்பா அறுவடையில் மன்னார்குடிப் பக்கம் நெல் கொள்முதல் நிலைய வாசலில் லாரிகள் ராத்திரி முழுக்க நிற்கும்; வண்டி திருடு போகும் பயம் உண்டு. பழைய வண்டியில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப விடாத மின்னணுப் பூட்டு) கிடையாது. சாவித்துளை தேய்ந்திருந்தால் வேறு சாவிகூடத் திரும்பிவிடும்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சுக்குச் செலவு குறைவு. கண்ணில் படாத இடத்தில் பொருத்தி, இறங்கும்போது அணைத்துவிட்டால் பேட்டரி கரண்ட் நின்றுவிடும், ஸ்டார்ட்டர் சுற்றாது. ஸ்டாப் கேபிள் (இழுத்து எஞ்சினை நிறுத்தும் கம்பி) வைத்த பழைய டீசல் எஞ்சினைத் தள்ளியும் கிளப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் டெல்டாவில் சரிவு ஏது? லோடு ஏற்றிய லாரியை இந்தச் சமதரையில் தள்ள முடியாது.

ஜிபிஎஸ் திருட்டைத் தடுக்காது, போன வழியைக் காட்டும். உள்ளே சின்ன பேட்டரி இருக்கும் கருவியாகப் பாருங்கள். வண்டி பேட்டரியைக் கழற்றினாலும் போனுக்குத் தகவல் வரும். கருவியில் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் தவறக் கூடாது.

என்னைக் கேட்டால் முதலில் சுவிட்ச், கையில் காசு சேர்ந்ததும் ஜிபிஎஸ். ஒன்று கவனியுங்கள்: பேட்டரியும் டீசலும் களவு போவதை இரண்டுமே தடுக்காது. பேட்டரிப் பெட்டிக்கு இரும்புப் பட்டையும் பூட்டும், டேங்க் மூடிக்குத் தனிப் பூட்டும் இன்றைக்கே போடுங்கள்.