சமநிலை இடமாற்றம் இருந்தால் கர்ப்பத்தில் எந்தப் பரிசோதனை?

ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இரண்டு குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். இதுவே சமநிலை இடமாற்றம். மொத்தத்தில் எதுவும் கூடவோ குறையவோ இல்லாததால் அவருக்குப் பெரும்பாலும் நோய் இருக்காது. அடுத்தடுத்துக் கரு கலைந்த பிறகு எடுக்கும் காரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும்) பரிசோதனையில்தான் பலருக்கும் இது தெரியவருகிறது. அவருடைய கருமுட்டையிலோ விந்தணுவிலோ துண்டுகள் கூடியோ குறைந்தோ போய்ச் சேரலாம். இதில் கணவன் மீதும் மனைவி மீதும் குற்றமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீட்டில் பழி சுமத்தும் பேச்சு அந்த அறிக்கை வந்த அன்றே தொடங்கிவிடுகிறது.

தாயின் ரத்தத்தை மட்டும் எடுத்துச் செய்யும் என்ஐபிடி 10-வது வாரத்திலிருந்தே கிடைக்கிறது, வலியும் இல்லை. ஆனால் அது முக்கியமாக 21, 18, 13 ஆகிய குரோமோசோம்கள் கூடுதலாக உள்ளனவா என்று வடிகட்டிப் பார்க்கும் சோதனை. வேறு குரோமோசோம்களின் சிறு துண்டு கூடினாலோ குறைந்தாலோ அதன் கண்ணில் படாமல் போகலாம். இடமாற்றம் இருப்பது தெரிந்த தம்பதி இதை மட்டும் நம்பி நிம்மதி அடைவது ஆபத்து.

உண்மையான போட்டி நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனைக்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கும் இடையில்தான். முன்னதை 10 முதல் 13 வாரங்களுக்குள் செய்கிறார்கள். பின்னதற்கு 15 வாரமாவது ஆக வேண்டும். இரண்டாலும் கரு கலையும் அபாயம் உண்டு என்றாலும், அனுபவமுள்ள கைகளில் அது மிகக் குறைவு. நஞ்சுக்கொடியில் மட்டும் பிழை இருந்து, குழந்தை நலமாக இருக்கும் நிலை நூற்றில் ஒன்றிரண்டு சோதனைகளில் காணப்படுகிறது. அதனால் பொதுவாகப் பனிக்குட நீரையே பலர் உறுதியானது என்கிறார்கள். பரம்பரை இடமாற்றத்தில் கணக்கு வேறு. பெற்றோரிடமிருந்து வரும் பிழை கரு உருவான கணத்திலேயே இருப்பது. ஆகவே அது பெரும்பாலும் நஞ்சுக்கொடி, குழந்தை இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தத் தம்பதிகளுக்கு நான் முன்கூட்டிய சோதனையின் பக்கமே நிற்பேன். குழந்தையின் அசைவை உணரத் தொடங்கும் நாட்களில் முடிவுக்காகக் காத்திருப்பது எவ்வளவு கொடியது என்பதை வாரக் கணக்கு காட்டாது.

மூன்றாவது வழி, சோதனைக்குழாய் முறையில் கருவை உருவாக்கி, ஐந்தாறு நாட்களில் சில செல்களை எடுத்துப் பார்த்து, சமநிலையில் உள்ள கருவை மட்டும் கருப்பையில் வைப்பது. கருக்கலைப்பு என்ற முடிவையே எடுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஹார்மோன் ஊசிகளும் கருமுட்டை எடுக்கும் சிகிச்சையும் தவிர்க்க முடியாதவை. சில சுற்றுகளில் வைக்கத் தகுந்த கரு ஒன்றுகூடக் கிடைக்காது. கர்ப்பம் தரித்தபின் மேற்சொன்ன இரண்டில் ஒன்றால் உறுதிசெய்யவும் சொல்வார்கள்.

எந்த வழியானாலும் மரபணு ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் குறிப்பிட்ட இடமாற்றத்துக்கு அபாயம் எவ்வளவு என்பதே. இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதும் ஒரு வகை இடமாற்றமே. 14-உம் 21-உம் ஒட்டியிருக்கும் இடமாற்றம் தாயிடம் இருந்தால், 21 கூடுதலாவதால் வரும் டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம். தந்தையிடம் இருந்தால் ஏறத்தாழ 1 சதவீதம். இரண்டு 21-களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், பிறக்கும் குழந்தைக்கு அது ஏறக்குறைய நிச்சயம். அங்கே கருவைத் தேர்ந்தெடுக்கும் சிகிச்சையும் கைகொடுக்காது. தானமாகப் பெறும் கருமுட்டை அல்லது விந்தணு, அல்லது தத்தெடுப்பு பற்றித்தான் பேச வேண்டும்.

இடமாற்றம் உள்ளவருக்கு அது அவருடைய பெற்றோரிடமிருந்து வந்தது என்றால், நலமாக இருக்கும் அவருடைய உடன்பிறந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது இருக்கலாம். அவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.