ஸ்பிரிங்கா, கேஸா, பிசிபியா: நம்ம தோளுக்கு எந்த ஏர் ரைஃபிள்?

"மாமா, இதுல சுட்டா பன்னி சாவுமா?"

ஏர் ரைஃபிள், அதான் காத்தால குண்டு தள்ளற துப்பாக்கி, வாங்கணும்னு யார் வந்தாலும் மொத கேள்வி இதான், இல்லன்னா மயிலு. எங்க ஊரு மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவுல இருக்கு, விதைச்சு முளைப்பு தலை காட்டறதுக்குள்ள மயில் கூட்டமா வந்து எறங்கும், பன்னி ராத்திரியோட ராத்திரியா வரப்ப கிளறிட்டுப் போயிடும், அதனால கேக்கறவன் மேல கோவம் வராது. ஆனா பதில் ஒண்ணுதான். பன்னி சாவாது, குண்ட தோல்ல வாங்கிட்டு போயி எங்கயாவது கருவக்காட்டுல சீழ் புடிச்சு கெடக்கும், நீ 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல உள்ள போவ. மயில் அந்த சட்டத்தோட மொத அட்டவணையில இருக்கு. கொக்கு, மடையான்னு எதையும் தொட முடியாது, அதுவும் வடுவூர் ஏரி பக்கத்துல வெச்சுக்கிட்டு, அது 1999லேர்ந்து பறவைகள் சரணாலயம், 2022ல உலக ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் ஏறிடுச்சு. சரி எலியாவது அடிக்கலாமேன்னு ஒருத்தன் கேட்டான். எலி இருட்டுனதுக்கு அப்பறம் வரும் தம்பி, நீ டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு வயல்ல சேத்துல நின்னு சுடப்போறியா? எலிக்கு நம்ம தஞ்சாவூர் கிட்டிப் பொறிய அடிச்சுக்க ஆளே கெடையாது, சாயங்காலம் மூங்கில வளச்சு வெச்சுட்டு வந்தா காலையில போயி எடுத்துக்கலாம்.

ஆக, இது பேப்பர் சுடறவங்களுக்கு எழுதறது. தோப்புல சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்து டார்கெட் அட்டையில ஓட்ட போடறவங்களுக்கு, இல்ல 10 மீட்டர் போட்டிக்கு போற புள்ளைங்களுக்கு. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல ஒலிம்பிக் வரைக்கும் போனதுலேர்ந்து எங்க சொந்தத்துலயே ரெண்டு வீட்டுல பொண்ணுங்க கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதுல ஒண்ணு எங்க அக்கா மவ.

சட்டத்த ஒரு தடவ சொல்லிட்டு நவுந்துடறேன். 2016 ஆயுத விதிப்படி குண்டு வெளிய வர்றப்ப அதோட சக்தி 20 ஜூலுக்கு மேல போகாம, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல இல்லாம இருந்தா லைசன்ஸ் வேணாம். இதுல ஒண்ணு தாண்டுனாலும் வேணும். கடையில ஐடி ப்ரூஃப் கேப்பாங்க, மொகம் சுளிக்காம குடுத்துடுங்க. வாங்குனதுக்கு அப்பறம் எவனாவது வந்து ஸ்பிரிங்க மாத்தி பவர் ஏத்தித் தரேன்னு சொன்னா அவன வாசலோட அனுப்பிடுங்க, 20 ஜூல தாண்டுன நிமிஷம் உங்க கையில இருக்கறது லைசன்ஸ் இல்லாத ஆயுதம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுக் கூட்டத்துல மூணு தினுசும் இருக்கு, என்கிட்ட ஸ்பிரிங், பெரியப்பா மவன்ட்ட கேஸ் ராம், அக்கா மவட்ட பிசிபி (முன்னாடியே காத்த அடைச்சு வெச்சுக்கறது). மூணையும் ஒரே தோப்புல ஒரே தென்னமரத்தடியில வெச்சு சுட்டுப் பாத்துருக்கோம்.

ஸ்பிரிங்குங்கறது குழல மடக்கி சுருள்கம்பிய அழுத்தி பூட்டறது, ட்ரிக்கர இழுத்தா சுருள் விரிஞ்சு பிஸ்டன தள்ளும், பிஸ்டன் காத்த நசுக்கும், காத்து குண்ட தள்ளும். வெளியில எந்த சாமானும் வேணாம், பம்ப் வேணாம், சிலிண்டர் வேணாம், கரண்ட் போனாலும் மழ வந்தாலும் சுடலாம். ஆனா இதுல ஒரு வில்லங்கம், பிஸ்டன் முன்னாடி ஓடறப்ப துப்பாக்கி பின்னாடி வரும், பிஸ்டன் போயி முட்டறப்ப துப்பாக்கி முன்னாடி குதிக்கும், இந்த ரெண்டு ஆட்டமும் நடக்கறப்ப குண்டு இன்னும் குழலுக்குள்ளதான் இருக்கு. அதனால நீ எப்புடி புடிச்சிருக்கியோ அப்புடி குண்டு போவும். நான் வாங்குன புதுசுல திண்ணை கட்டையில கெட்டியா ஊனி வெச்சு சுட்டேன், அப்பதான ஆடாதுன்னு நெனப்பு, பத்து குண்டு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு செதறுச்சு. துப்பாக்கிதான் மட்டம்னு ஒரு மாசம் திட்டிட்டு இருந்தேன். அப்பறம் ஒருத்தர் சொன்னாரு, இறுக்காதீங்க, உள்ளங்கைய விரிச்சு அதுமேல சும்மா படுக்க வைங்க, அது குதிக்கற மாதிரி குதிக்கட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி குதிச்சா போதும்னு. அதே பத்து குண்டு, அஞ்சு ரூபா காசுக்குள்ள வந்து உக்காந்துச்சு. இத கத்துக்க பொறுமை இருந்தா ஸ்பிரிங் மாதிரி வாத்தியாரு கெடையாது, இல்லாதவனுக்கு தலவலி.

கேஸ் ராம் பத்தி நெறைய சொல்ல ஒண்ணும் இல்ல. சுருளுக்கு பதிலா அடைச்சு சீல் பண்ணுன நைட்ரஜன் உருளை, அவ்ளோதான். ஸ்பிரிங்ல வர்ற அந்த டொய்ங்ங்னு சத்தம் வராது, ஆட்டம் கொஞ்சம் சுருக்கா முடிஞ்சுடும், ரொம்ப நேரம் பூட்டியே வெச்சிருந்தாலும் தளந்து போவாது (அதுக்காக குண்டு போட்டு பூட்டி வெச்சுட்டு டீ குடிக்கப் போவாதீங்க). ஆனா மடக்கறப்ப ஆரம்பத்துலேர்ந்தே கல்லு மாதிரி இருக்கும், சுருளாச்சும் மொதல்ல எளக்கமா ஆரம்பிச்சு போவப் போவ இறுகும். பெரியப்பா மவன் ஒலக்க கை, அவனுக்கு சரி. எங்க அக்கா மவளால ஒரு சாயங்காலத்துக்கு இருவது தடவைக்கு மேல மடக்க முடியல. அப்பறம் கேஸ் எறங்கிட்டா உருளையவே மாத்தணும், ஸ்பிரிங்குன்னா சீலும் சுருளும் வாங்கி தெரிஞ்சவரு கையில குடுத்தா வேல முடிஞ்சுது. என் கணக்குல ஸ்பிரிங்குக்கும் கேஸுக்கும் நடுவுல கெடந்து முழிக்க வேணாம், கையில பலம் இருந்தா கேஸ், இல்லன்னா ஸ்பிரிங்.

பிசிபிதான் நெசமாவே வேற ஜாதி. சிலிண்டர்ல 200 பார் (காத்தழுத்த அளவு) வரைக்கும், சிலதுல 300 வரைக்கும் காத்த அடைச்சு வெச்சுக்கிட்டு ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சூண்டு விடறது. பிஸ்டன் ஓட்டம் கெடையாது, அதனால ஆட்டமே இல்ல, எங்க வெச்சியோ அங்க போவும். போட்டியில சுடறவங்க எல்லாரும் இதுதான், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர்னு வெளிநாட்டு சரக்கு லட்சக் கணக்குல போவும், நம்ம நாட்டுலயும் பிரிசிஹோல் மாதிரி கம்பெனிங்க பண்றாங்க. இதுல ஒரு வேடிக்கை, போட்டி ரைஃபிளோட பவர் நம்ம தோப்புல சுடற ஸ்பிரிங்க விட கம்மி, குண்டு வினாடிக்கு 170, 180 மீட்டர்தான் போவும், ஜூல் கணக்குல எட்டு பக்கம் வரும். டார்கெட் அட்டையோட நடுவுல அந்த பத்தாம் புள்ளி இருக்கே, அதோட அகலம் அர மில்லிமீட்டர், ஒரு பேனா முனை வெச்ச மாதிரி, அத அடிக்கறவங்களுக்கே எட்டு ஜூல் போதும்னா பவரு பவருன்னு அலையறவங்க கொஞ்சம் யோசிக்கணும்.

ஆனா பிசிபிக்கு காத்து யார் அடைக்கறது? சென்னை, கோயமுத்தூர்னா ரேஞ்ச்ல கம்ப்ரசர் இருக்கும், இங்க நம்ம கையும் பம்பும்தான். சைக்கிள் பம்ப் மாதிரிதான் இருக்கும், மொத நூறு பார் சிரிச்சுக்கிட்டே அடிக்கலாம், அப்பறம் ஒடம்ப மொத்தமா அதுமேல சாய்க்கணும். அதவிட பெரிய தொல்ல ஈரம். ஐப்பசி அடமழையில நம்ம ஊரு காத்து எப்புடி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல, அத நசுக்கறப்ப ஈரம் தண்ணியா மாறும், போன வருஷம் அக்கா மவ பம்ப் அடிச்சு முடிச்சு கீழ இருக்கற ஸ்குருவ தொறந்தா புஸ்ஸுன்னு ஒரு வெள்ளப் பொகை, பின்னாடியே என் முழங்கையில நாலஞ்சு சொட்டு தண்ணி தெறிச்சுது. அந்த தண்ணி சிலிண்டர் உள்ள போனா என்ன ஆவும்? அதனால ஈரம் உறிஞ்சற சிலிக்கா போட்ட ஃபில்டர் கண்டிப்பா வேணும், அம்பது அடி அடிச்சா அஞ்சு நிமிஷம் ஆற விடணும், முடிஞ்சா வெயில் அடிக்கற நாளா பாத்து அடிக்கணும். பழசு வாங்கறவங்க சிலிண்டர்ல அடிச்சிருக்கற தேதிய பாருங்க, போட்டி சிலிண்டருக்கு ஆயுசு பத்து வருஷம், தேதி முடிஞ்சத சகாய வெலைக்கு தரேன்னு ஒருத்தர் எங்ககிட்டயே தள்ளப் பாத்தாரு.

இதெல்லாம் மிஷின் சங்கதி. என்னய கேட்டா பாதி வேல கட்டையிலதான் (தோள்ல சாத்தி புடிக்கற ஸ்டாக்) இருக்கு, அதத்தான் யாரும் கேக்க மாட்டாங்க. கடையில வர்ற ரைஃபிள் எல்லாம் ஆறடி வெள்ளக்காரன் அளவு, கட்டையோட பின்தட்டுலேர்ந்து ட்ரிக்கர் வரைக்கும் 36, 37 சென்டிமீட்டர் இருக்கும். முழங்கைய மடக்கி, மடக்குன எடத்துலேர்ந்து ஆள்காட்டி வெரலோட மொத கணு வரைக்கும் டேப்பு வெச்சு அளந்து பாருங்க, அதுதான் ஏறக்கொறைய உங்க அளவு. அக்கா மவளுக்கு 32தான் வந்துச்சு. நாலஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம், அதனாலதான் அவ கழுத்த நீட்டி ஒடம்ப பின்னாடி சாச்சு கோழி மாதிரி நின்னுட்டு இருந்தா, நாங்க என்னடான்னா ஒழுங்கா நில்லுன்னு அவள திட்டிட்டு இருந்தோம்.

காசு இருந்தா எல்லாத்தையும் ஸ்குருவுல ஏத்தி எறக்கற அலுமினிய ஸ்டாக் வாங்கிடலாம், போட்டிக்கு போனா கடைசியில அதுக்குத்தான் போவணும். நாங்க மொதல்ல ஆசாரிகிட்ட போனோம். மரத்துல என்ன எடுக்கறதுன்னு ஒரு பஞ்சாயத்து. தேக்கு நல்லா நிக்கும், ஆனா நல்ல தேக்கு வெல கட்டுப்படியாவாது. பலா எலேசு, தஞ்சாவூர் வீணையே பலாவுலதான் பண்றாங்க, திருகாது. பூவரசு கனம், ஆனா உளிக்கு நல்லா பேசும், சீக்கிரத்துல பொளக்காது, வண்டிக்கு போட்ட மரமாச்சே. எங்க வீட்டுல 2018 கஜா புயல்ல சாஞ்ச பூவரசு கொட்டாயில காஞ்சு கெடந்துச்சு, அதயே எடுத்துக்கிட்டோம். காஞ்சது முக்கியம். எங்க ஊர்லயே ஒருத்தரு பச்சை மரத்துல பண்ணி, ஆறு மாசத்துல ஸ்குரு ஓட்டையும் ரைஃபிள் ஓட்டையும் ஒண்ண ஒண்ணு பாக்காம போயிடுச்சு.

அளவு பாத்தது ஒரு முழு பகல். ஆசாரி கன்னம் படற எடத்துல கொஞ்சம் கூடுதலா மரம் விட்டுட்டாரு, அக்கா மவள கண்ண மூடிக்கிட்டு தோள்ல வைக்கச் சொல்லி, வெச்சப்பறம் தொறக்கச் சொன்னேன், தொறந்ததும் கண்ணு நேரா குறி பாக்கற பின்சைட் ஓட்டைக்குள்ள பாக்கணும், அதான் கணக்கு. "மாமா, கண்ணு ஓட்டைக்கு மேல இருக்கு"ன்னா. ஆசாரி ரெண்டு இழை சீவுனாரு. "இன்னும் மேலதான்." மறுபடி ரெண்டு இழை. இப்புடி ஏழெட்டு தடவ, கடைசியில உப்புத்தாள் வெச்சு தேச்சதுதான் வித்தியாசம், "ஆங், இப்ப தெரியுது"ன்னா. அந்த நிமிஷத்துல இருந்து அவ கழுத்து வலிக்குதுன்னு சொல்லவே இல்ல. பாலிஷ் விஷயத்துல மட்டும் ஆசாரி கூட ஒரு சின்ன சண்ட, அவரு வெளிய மட்டும் அடிச்சுட்டு குடுக்கப் பாத்தாரு. துப்பாக்கி உக்கார்ற குழிக்கு உள்ளயும் எண்ணெ ஏத்தணும், இல்லன்னா மழக்காலத்துல மரம் அங்கேர்ந்துதான் ஈரம் குடிக்கும், ஊதும், குண்டு எடம் மாறும்.

ஸ்பிரிங் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, குண்டு திடீர்னு கண்ட எடத்துக்கு போவுதுன்னா மொதல்ல கட்டை ஸ்குருவ புடிச்சு பாருங்க, பத்துக்கு எட்டு தடவ அது லூசாத்தான் இருக்கும். ஸ்கோப் (குறி பாக்கற தூரக்கண்ணாடி) போடறதா இருந்தா ஏர்கன்னுக்குன்னு பண்ணதா பாத்து வாங்குங்க, அந்த முன்ன பின்ன ஆட்டம் சாதா ஸ்கோப்ப உள்ளயே கழட்டிடும், அதுவும் இல்லாம பெரிய ரைஃபிள் ஸ்கோப் பலதும் நூறு கெஜத்துக்கு செட் பண்ணிருக்கும், பத்து மீட்டர்ல மசமசன்னு தெரியும். போட்டிக்கு போறவங்களுக்கு ஸ்கோப்பே கெடையாது, வளையத்துக்குள்ள வளையம் வெச்சு பாக்கற டயாப்டர் சைட்தான். குண்டு பேப்பருக்கு தட்டை மூக்கு, அழகா வட்டமா வெட்டும். ஒரே கம்பெனியில 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர்னு குண்டோட தலை அளவு வரும், மூணுலயும் ஒரு டப்பி வாங்கி உங்க குழலுக்கு எது புடிக்குதோ அதையே தொடருங்க.

பின்னாடி தடுப்பு இல்லாம ஒரு குண்டு கூட சுடாதீங்க, இந்த சின்ன குண்டு முந்நூறு மீட்டர் தாண்டியும் போவும், தோப்புக்கு அந்தாண்ட யார் களை எடுக்கறாங்கன்னு உங்களுக்கு தெரியாது. நாங்க மரப்பொட்டி நெறைய பழைய துணிய திணிச்சு பின்னாடி பலகை அடிச்சு வெச்சிருக்கோம். இரும்புத் தகடு மட்டும் வேணாம், திரும்பி வரும். கண்ணாடி போட்டுக்குங்க.

அப்ப எது வாங்கறது? பொழுதுபோக்குன்னா, தனியா சுடறவன்னா, ஸ்பிரிங்கு, அதுவும் கம்மி பவர்ல எளக்கமா மடங்கறது. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டின்னு போற எண்ணம் இருந்தா பிசிபி, வேற பேச்சே இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி ஏதாவது ரேஞ்ச்ல போயி அவங்க ரைஃபிள்ல ஒரு மாசம் சுட்டுட்டு வாங்குங்க. பெரியப்பா மவன் இதப் படிச்சா சண்டைக்கு வருவான், வரட்டும், கேஸ் ராம் அவன் கைக்குத்தான் சரி.

போன வாரம் அக்கா மவள மறுபடி அளந்தேன், 33 வருது, வளந்துட்டா. பின்தட்டுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு பலகை வெக்கணும், அதே பூவரசுலேர்ந்து ஒரு துண்டு மீதி இருக்கு. ஆசாரிக்கு போன் போட்டேன், புதன்கிழமை வர்றேன்னாரு, எந்த புதன்னு சொல்லல.