பழைய 24 பல் ராட்செட்டை இன்னும் வைத்திருக்கலாமா?

கிருஷ்ணகிரி, தருமபுரி நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் டூல் பெட்டியைத் திறந்தால் இரண்டு தலைமுறை ராட்செட்டும் (சாக்கெட், அதாவது நட்டின் மேல் மாட்டும் குழலைப் பூட்டி, ஒரு திசையில் மட்டும் திருகும் கைப்பிடி) ஒன்றாகக் கிடக்கும். ஒன்று தாத்தா காலத்து 4 நூல் ராட்செட், அதாவது சாக்கெட் மாட்டும் முனை அரை இஞ்ச் சதுரம் கொண்டது (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). முலாம் உரிந்து கைப்பிடி கறுத்திருக்கும், சுற்றினால் 'கடக் கடக்' என்று நிதானமாகச் சத்தம் வரும். இன்னொன்று புதிய 72 பல், 'கிர்ர்' என்று ஓடும். நெடுநாள் இரண்டையும் புழங்கியதில் எங்கள் தீர்ப்பு இது: பழைய ராட்செட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், ஆனால் அதனுடன் வந்த பழைய சாக்கெட்டுகளை நம்பாதீர்கள்.

முதலில் பல் கணக்கு, அதாவது தலைக்குள் இருக்கும் சக்கரத்தின் பற்கள். 24 பல் என்றால் ஒரு பல் நகர 15 டிகிரி வேண்டும். 250 மி.மீ. கைப்பிடியின் நுனியில் அது சுமார் 65 மி.மீ. வீச்சு. 72 பல்லுக்கு 5 டிகிரி, நுனியில் 22 மி.மீ. போதும். வெட்டவெளியில் இருக்கும் போல்ட்டுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போன்ற இடங்களில்தான் பழையது திணறும். கை ஆட 50 மி.மீ. இடம்தான் இருக்கிறது என்றால் 24 பல் ராட்செட் அடுத்த பல்லையே பிடிக்காது. எத்தனை பல் என்று தெரியாவிட்டால் சதுரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பிச் சத்தத்தை எண்ணுங்கள். ஒரு எச்சரிக்கை: சில புதிய ராட்செட்டில் 36 பல் சக்கரத்தை இரண்டு நாக்குகள் (பல்லில் மாட்டிச் சக்கரத்தைப் பிடிக்கும் சிறு துண்டுகள்) மாறி மாறிப் பிடிக்கும். சத்தம் 72 வரும், பல்லோ பெரிய பல்தான்.

பொடிப் பல் என்றால் பலவீனம் என்ற பேச்சு முழு உண்மையல்ல. பழையதில் நாக்கு ஒன்றிரண்டு பெரிய பல்லைத்தான் பிடிக்கும். நல்ல புதியதில் நாக்கு அகலமாக, ஒரே நேரத்தில் பல பற்களைப் பிடிப்பதால் சுமை பகிர்ந்துவிடும். தொல்லை தூசியில் வருகிறது. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் பட்டறைகளில் பறக்கும் கல்மாவு எண்ணெயோடு சேர்ந்தால் பற்களின் அடியில் பசைபோல இறுகும். பொடிப் பல்லின் ஆழமே குறைவு. அதில் கொஞ்சம் மாவு நின்றாலும் நாக்கு முழுதாக உட்காராது. முழு பலத்தோடு இழுக்கும் நேரத்தில் நழுவி, விரல் முட்டி போய் சேஸிஸில் இடிக்கும். பெரிய பல் இந்த அழுக்கைத் தாங்கும். தூசி வேலைக்குப் பழையதையே முதலில் எடுக்கச் சொல்வோம். புதியதுதான் வேண்டுமென்றால் தலை மூடி சீல் வைத்ததாக வாங்குங்கள்.

இறுகிய போல்ட்டை முதலில் அசைக்க ராட்செட், பழையதோ புதியதோ, சரியான கருவி அல்ல. 250 மி.மீ. கைப்பிடியில் 40 கிலோ பலத்தோடு இழுத்தால் சுமார் 98 நியூட்டன் மீட்டர். அதே கைப்பிடியில் பைப் மாட்டி ஒரு மீட்டராக்கினால் 390-ஐத் தாண்டும். நாக்கு முனை உடைவதும் பல் சிதறுவதும் பெரும்பாலும் இப்படித்தான். தொப்பூர் இறக்கத்துக்கு முன் லாரி வீல் நட்டைச் சரிபார்ப்பவர்கள் வீல் ஸ்பேனரைத்தான் எடுக்க வேண்டும். அந்த நட்டுகளின் இறுக்கமே 500, 600 நியூட்டன் மீட்டர் வரை போகும். நீண்ட பாரால் ஒரு கால் சுற்று தளர்த்திவிட்டு, மிச்சத்தைக் கழற்ற ராட்செட்டை மாட்டுங்கள்.

பழையது நழுவினால் பல் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பாதிக்குமேல் பழி காய்ந்த கிரீஸுக்குத்தான். தலையின் பின்தகட்டில் இரண்டு ஸ்க்ரூ அல்லது ஒரு சர்க்லிப் (வளையக் கிளிப்) இருக்கும். திறக்கும்போது தலையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறங்கள். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் துள்ளி ஓடிவிடும், தரையில் தேடிக் கிடைக்காது. பாகங்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டீசலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொரு பல்லின் அடியையும் தேயுங்கள்.

பிறகு நாக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக, மங்கலாக இருந்தால் நல்லது. விளிம்பில் மெல்லிய வெள்ளிக் கோடுபோல ஒரு மினுமினுப்பு ஓடினால் அது உருண்டுவிட்டது என்று அர்த்தம். அதை அரத்தால் ராவிக் கூராக்க வேண்டாம். கோணம் மாறிவிடும், மேலே மட்டும் கடினப்படுத்திய நாக்கென்றால் அந்தக் கடினப் பரப்பும் போய்விடும். நாக்கையே மாற்ற வேண்டும். கேஸ் வைத்துச் சுடவும் கூடாது, எஃகின் பதம் இறங்கிவிடும்.

திரும்பப் பூட்டும்போது வீல் பேரிங் கிரீஸை அப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கெட்டி கிரீஸில் நாக்கு சோம்பலாகத் திரும்பும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் காலையில் அது இன்னும் இறுகிவிடும். 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் இரண்டு மூன்று சொட்டு போதும். துருவிளக்கி ஸ்ப்ரே அழுக்கைக் கரைக்க உதவும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அதை மட்டும் நம்ப முடியாது.

பழையது வாங்குகிறீர்களா? வைஸில் ஒரு பெரிய போல்ட்டைப் பிடித்து, சாக்கெட் மாட்டி, ஒவ்வொரு பல்லிலும் நிதானமாகச் சுமை ஏற்றி இழுத்துப் பாருங்கள். இரண்டு திசையும் பார்க்க வேண்டும். கழற்றும் திசை அதிகம் அடிபட்டிருக்கும். சாக்கெட்டை ஒரே அழுத்தில் விடுவிக்கும் பொத்தான் பழையவை பலவற்றில் இருக்காது. அமெரிக்காவில் பீட்டர் ராபர்ட்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றதே 1965-ல்தான். எண்ணெய்க் கையோடு சாக்கெட்டைப் பிடுங்குவது சிரமம்தான், ஆனாலும் அதற்காக ராட்செட்டை ஒதுக்க வேண்டியதில்லை.

சாக்கெட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பழைய 12 முனை (உள்ளே 12 மூலை கொண்ட) சாக்கெட்டுகள் பல, நட்டின் மூலையைத்தான் பிடிக்கும். வாய் கொஞ்சம் விரிந்திருந்தால் நட் உருண்டுவிடும். புதிய 6 முனை சாக்கெட்டின் உள்மூலைகள் வளைவாக இருப்பதால் அது பக்கவாட்டில் அழுத்தும், மூலை தப்பும். ஒரே விலக்கு நூல் அளவு சாக்கெட்டுகள். பழைய மாஸி பெர்குசன் டிராக்டர்களில் இஞ்ச் போல்ட்கள் உண்டு. நான்கரை நூல் தலை 14.29 மி.மீ., அதில் 14 ஏறாது, 15 மாட்டினால் 0.7 மி.மீ. ஆடும். மூன்றரை நூல் 11.11 மி.மீ., அதற்கு 11 சேராது, 12 மழுக்கிவிடும். 6 நூல் மட்டும் 19.05 என்பதால் 19 ஒப்பேறும். வாய் விரியாத நூல் சாக்கெட்டுகளைத் தனி டப்பாவில் எடுத்து, கழுத்தில் சிவப்பு பெயின்ட் ஒரு வளையம் அடித்து வையுங்கள், மில்லிமீட்டர் சாக்கெட்டுகளோடு கலந்துவிடாது.